கன்றுக்கு நடக்கச் சொல்லிக் கொடுத்தது யார்?

ஈன்ற சில மணி நேரத்துக்குள் கன்று தட்டுத் தடுமாறி எழுந்து, தாயின் மடியைத் தேடிப்பிடித்து முட்டுகிறது. நடக்கவும் சப்பவும் அதற்கு யாரும் சொல்லித் தருவதில்லை. பிறக்கும்போதே கூட வரும் இத்தகைய நடத்தைகளுக்கான நரம்பு ஏற்பாட்டில் பெரும்பங்கு மூளைத்தண்டுக்கு உண்டு. பெருமூளைக்கும் தண்டுவடத்துக்கும் இடையே நடுமூளை, பான்ஸ், முகுளம் என மூன்று பகுதிகளாக அமைந்திருப்பது அது.

1966-ல் மாஸ்கோவில் ஷிக், செவெரின், ஒர்லோவ்ஸ்கி ஆகிய ஆய்வாளர்கள் மூவரும் இதைப் பூனையை வைத்துக் காட்டினார்கள். பெருமூளையோடு இருந்த தொடர்பைத் துண்டித்து, பூனையை டிரெட்மில்லில் நிறுத்தி, நடுமூளையின் சிறு இடமொன்றில் மின்தூண்டல் கொடுத்தார்கள். பூனை நடந்தது. தூண்டலைக் கூட்டக் கூட்ட நடை ஓட்டமாகி, ஓட்டம் நாலுகால் பாய்ச்சலானது. எந்தக் காலை எப்போது தூக்குவது என்பதைத் தண்டுவட நரம்புகளே பார்த்துக்கொண்டன. 'கிளம்பு', 'இன்னும் வேகம்' என்ற உத்தரவு மட்டும் மேலிருந்து வந்தது.

மூச்சுக்கும் தனி இடம் உண்டு. முகுளத்தில் உள்ள அந்த நரம்பணுக் கூட்டத்தை 1991-ல் கண்டறிந்து, ப்ரீ-பாட்சிங்கர் தொகுதி என்று அழைத்தார்கள். பிறந்த எலிக்குட்டியின் முகுளத்திலிருந்து சீவி எடுத்த மெல்லிய துண்டு, ஆய்வகக் கிண்ணத்தில் கிடந்தபடியே மூச்சின் தாளத்தைத் தட்டிக்கொண்டிருந்தது! நடுமூளையின் மையத்தில் உள்ள சாம்பல் நிறப் பகுதியோ பயத்துக்கானது. அதில் ஓரிடத்தைத் தூண்டினால் விலங்கு அசையாமல் உறைந்து நிற்கும். வேறிடத்தைத் தூண்டினால் தலைதெறிக்க ஓடும்.

அப்படியென்றால் மேல்மூளைக்கு என்ன வேலை? எலி முகம் கழுவுவதைப் பார்த்தால் புரியும். முதலில் மூக்கைச் சுற்றிச் சிறு வட்டங்கள், பிறகு முகத்தில் நீண்ட தடவல்கள், கடைசியில் உடம்பை நக்குவது என்று அதற்கொரு வரிசை உண்டு. மேல்மூளையைத் துண்டித்த எலியிடமும் அந்த வரிசை தென்படுகிறது. ஆனால் அடிக்கடி பாதியில் நின்றுவிடுகிறது. வரிசை கீழே இருக்கிறது; அதைத் தக்க நேரத்தில் தொடங்கி முழுதாக முடித்து வைப்பது மேல்மூளையின் பொறுப்பு.

மனிதரிலும் அடித்தளம் இதுதான். கண்மணி ஒளிக்குச் சுருங்குகிறதா, தொண்டையைத் தீண்டினால் குமட்டல் வருகிறதா, தானாக மூச்சு வருகிறதா என்று மருத்துவர்கள் சோதிப்பது மூளைத்தண்டைத்தான். 1994-ம் ஆண்டின் இந்திய உறுப்பு மாற்றுச் சட்டப்படி, மூளைச்சாவு என்பது மூளைத்தண்டின் சாவு.