டப்ரினா, வீட்டு அறையா? இரங்கூன் தமிழ்ப் பெண்களின் பேறுகாலம்

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். வளைகாப்பு முடிந்த கையோடு பெண்ணை அவளுடைய தாயிடம் ஒப்படைப்பார்கள். கடல் கடந்து பர்மாவில் வாழ்ந்த நம் முன்னோரால் இவ்வழக்கத்தை எளிதில் பேண இயலவில்லை. நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் மனைவியரைப் பெரும்பாலும் செட்டிநாட்டிலேயே விட்டுச் சென்றனர். மூன்றாண்டுத் தவணை முடித்து ஊர் திரும்பிய பிறகே பிள்ளை முகம் கண்ட தந்தையர் அவர்களுள் உண்டு. உழைக்கும் மக்களின் நிலை வேறு. 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இரங்கூனில் வாழ்ந்த ஏறத்தாழ 4 லட்சம் பேரில் 2 லட்சத்திற்கும் மேற்பட்டோர் இந்தியர். அவர்களுள் ஆண்களே மிகுதி. கணவனுடன் கப்பலேறி வந்த பெண்ணுக்கு வலி கண்டபோது அருகே தாயும் இல்லை, அத்தையும் இல்லை.

அந்த இடத்தை நிரப்பியவர்களுள் பர்மியப் பெண்களும் இருந்தனர். 'லெத்தெ' என்பது பர்மியரின் மருத்துவச்சிக்குப் பெயர். நம் மருத்துவச்சியைப் போலவே அவரும் ஏட்டுப் படிப்பால் அன்றிக் கைப்பழக்கத்தால் தொழில் கற்றவர். பேற்றுக்குப் பின் தாயின் உடலெங்கும் மஞ்சள் பூசி, வெப்பமான அறையில் வைத்து வியர்க்கச் செய்வது பர்மிய மரபு. தீயருகே இருத்தல் என்ற பொருளில் அதனை 'மீநே' என்பர். மஞ்சளும் பத்தியமும் நம் பெண்களுக்குப் புதியனவல்ல. மொழி தெரியாத இரு பெண்கள் ஒரு மஞ்சள் கிண்ணத்தின் முன் ஒருவரையொருவர் புரிந்துகொண்டனர் என்று சொல்வது மிகையாகாது.

எனினும் பழமை அனைத்தையும் போற்றிவிடவும் நாம் விரும்பவில்லை. மூங்கில் சில்லால் தொப்புள்கொடி அறுத்த காலத்தில் சிசுக்களைப் பலிகொண்ட இரணஜன்னியை மறக்க இயலுமா? தண்ணீரைக் குறைத்துக் கொடுத்ததும், சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டியதும் நம்மவர் பலரிடம் இருந்த பிழைகளே. பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால் புகட்டுக என்று இன்று உலக சுகாதார நிறுவனம் வலியுறுத்துகிறது.

மருத்துவமனை என்றதும் பழைய இரங்கூன்வாசிகள் சொல்லும் பெயர் 'டப்ரின்'. இராஜப்பிரதிநிதி டப்ரின் பிரபுவின் மனைவி, பெண்களுக்குப் பெண்களே மருத்துவம் பார்க்க வேண்டும் என்ற நோக்குடன் 1885இல் ஒரு நிதியைத் தொடங்கினார். அவர் பெயர் தாங்கிய இரங்கூன் பிரசவ விடுதியே பின்னாளில் மத்திய மகளிர் மருத்துவமனை ஆயிற்று. ஆண் மருத்துவர் தொட்டுப் பார்ப்பாரோ என்று அஞ்சிய குடும்பங்களுக்கு அந்தப் பெயரே ஓர் ஆறுதலாக இருந்தது.

எண்பது வயதைக் கடந்த ஒரு தாயிடம் பேசினோம். முதலிரண்டு பிள்ளைகளையும் அவர் வீட்டிலேயே பெற்றார். "உனக்கு எங்கே விருப்பம்?" என்று எவரும் கேட்கவில்லையாம். முடிவு மாமியாருடையது. மூன்றாம் பேற்றில் நஞ்சு விழுந்த பின்னும் உதிரம் நிற்கவில்லை. "போதும், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்" என்று உரத்துச் சொன்னவர் வீட்டார் அல்லர், அந்த லெத்தெதான். தம் கையின் எல்லையை அறிந்திருந்த அந்தப் பர்மிய மாதின் பெயரைத் தாம் கேட்டு வைக்கவில்லையே என்று அந்தத் தாய் இன்றும் வருந்துகிறார்.

தேர்வு என்ற பேச்சுக்கே இடமில்லாத நாள்களும் வந்தன. 1941 டிசம்பர் 23இல் இரங்கூனில் ஜப்பானியர் குண்டு வீசினர். அடுத்த மாதங்களில் ஏறத்தாழ 5 லட்சம் இந்தியர் மலைகளையும் காடுகளையும் கடந்து இந்தியா நோக்கி நடந்தனர். நிறைமாதக்காரிகளும் அக்கூட்டத்தில் நடந்தனர். அவர்களுக்கு மரத்தடியே பேற்றறை. 1962இல் நே வின் ஆட்சியைக் கைப்பற்றிக் கடைகளையும் தொழில்களையும் அரசுடைமை ஆக்கியபின், 1964 முதல் கப்பல்களில் நம்மவர் வெளியேறினர். நகைகள் பறிமுதலாயின. அடுத்த பிரசவச் செலவுக்கென ஒரு பெண் கழுத்திலும் கையிலும் சேர்த்து வைத்திருந்ததும் அந்நகைகளே என்பதை எந்தக் கணக்கேடும் குறிக்கவில்லை.

அங்கேயே தங்கிவிட்ட நம் உறவினருக்கு வேறொரு கவலை சேர்ந்தது. 1982ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மக்களை முழுக் குடிகள், இணைக் குடிகள், குடியுரிமை வழங்கப்பட்டோர் என மூவகையாகப் பிரித்தது. பாட்டன் எப்போது வந்தார், தந்தை எங்கே பிறந்தார் என்பதற்குக் காகிதம் வேண்டும். பத்து வயதில் அடையாள அட்டை கோரும் பிள்ளைக்குப் பிறப்புச் சான்றும் குடும்பப் பட்டியலும் தேவை. வீட்டில் பெற்றதைப் பதிய மறந்த தாய், ஒரு தலைமுறைச் சிக்கலைத் தன்னையறியாமலே ஏற்றவள் ஆனாள். ஆகவே மருத்துவமனையை நாடியவர்களுள் உயிருக்கு அஞ்சியவர்களும் உண்டு, காகிதத்துக்காகச் சென்றவர்களும் உண்டு. பதிவேட்டில் பர்மியப் பெயர், தொட்டிலில் தமிழ்ப் பெயர் என்று ஒரே பிள்ளைக்கு இரு பெயர் வைக்கும் பழக்கம் அங்கே இயல்பாகிவிட்டது.

மியன்மாவில் 2015-16இல் எடுக்கப்பட்ட தேசிய ஆய்வில் மருத்துவ நிலையங்களில் நிகழ்ந்த பேறுகள் 37 விழுக்காடே. பயிற்சி பெற்றோர் கையில் நிகழ்ந்தவை 60 விழுக்காடு. 2021 பிப்ரவரி முதல் நாள் இராணுவம் மீண்டும் ஆட்சியைக் கைப்பற்றியபோது அரசு மருத்துவர்களும் தாதியரும் பெருமளவில் பணியிலிருந்து விலகினர். பணமுள்ளோர் தனியார் மருத்துவமனைக்குச் சென்றனர். இல்லாதோர் மீண்டும் வீட்டு அறையை நம்ப நேர்ந்தது.

இங்கே வந்து சேர்ந்த நம் மூதாட்டியர் சிலரின் பிறந்த தேதி, குடும்ப அட்டையில் அதிகாரி மதிப்பிட்டு எழுதியது. அவர்களைக் கேட்டால் விடை வேறாக வரும்: குண்டு விழுந்த வருடம், அவுங் சான் சுடப்பட்ட வருடம், கப்பல் ஏறுவதற்கு முந்திய மழைக்காலம்.