ஸ்டாப்பிங் வந்தாச்சு மாப்ளே!

"மாப்ளே, அந்தப் பையை நான் தூக்கிக்கட்டுமா?"

கேட்டவர் என் மாமனார். வயசு 64. டவுன் பஸ் கண்டக்டராக இருந்து ரிடையரானவர். கேட்கப்பட்டவன் 36 வயசு மாப்பிள்ளையான நான். இடம், இமயமலையில் ஹேம்குண்ட் ஏரிக்கு ஏறும் பாதை.

உத்தராகண்டில் பத்ரிநாத் போகிற வழியில் கோவிந்த்காட் என்று ஓர் ஊர். அங்கிருந்து புல்னா வரை ஜீப். அப்புறம் பத்து கிலோமீட்டர் போல நடந்தால், சுமார் 10,000 அடி உயரத்தில் கங்காரியா. ராத்திரி அங்கே படுத்து, காலையில் 6 கிலோமீட்டர் ஏறினால் ஏரி. உயரம் 14,000 அடிக்கு மேல்! கரையில் சீக்கியர்களின் குருத்வாரா, பக்கத்திலேயே லட்சுமணருக்கு ஒரு சின்னக் கோயில். ராத்திரி மேலே தங்க முடியாது. மத்தியானமே இறங்கிவிட வேண்டும்.

"ஆறு கிலோமீட்டர்தானே? காபி ஆறுறதுக்குள்ள வந்துடலாம்" என்று கிளம்பும்போது நான் சொன்னதை மாமனார் இன்றுவரை என் மனைவியிடம் சொல்லவில்லை. பெரிய மனசு.

ஊரைத் தாண்டியதுமே பெரிய அருவி. ஹேம்குண்ட் பக்கமிருந்து வருகிற தண்ணீர்தான். துண்டை உதறிக்கொண்டு ஓடத் தோன்றும். பனி உருகின தண்ணீர் சார்! விரலை வைத்தேன். விரல் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்துக்கொண்டேன். அங்கே பாதை பிரிகிறது. ஒன்று மலர்ப் பள்ளத்தாக்குக்கு. இன்னொன்று நேரே ஆகாசத்துக்கு. நம்முடையது இரண்டாவது.

ஆகஸ்ட் மாதம். எதிர் மலைகளில் வெள்ளை நூலைத் தொங்கவிட்ட மாதிரி அருவிகள். முதல் இரண்டு கிலோமீட்டர் அவற்றை எண்ணினேன். மூன்றாவதில் என் மூச்சை எண்ணினேன். நாலாவதில் தலைவலி. அப்புறம் வாந்தி.

அந்த உயரத்தில் ஒரு மூச்சில் கிடைக்கிற ஆக்சிஜன், கடற்கரையில் கிடைப்பதில் சுமார் 60 சதவீதம்தான். 40 பர்சென்ட் ஆடித் தள்ளுபடி! உடம்பு இதற்குப் பழக இரண்டு மூன்று நாளாவது ஆகும். நான் கொடுத்தது ஒரே ராத்திரி. இளவட்டம், ஜிம் உடம்பு என்பதெல்லாம் இதில் செல்லாது. யாருக்கு வரும், யாரை விட்டுவிடும் என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியாது.

இருந்தாலும் எழுந்தேன். ரயில், ஜீப், ஸ்வெட்டர்... எவ்வளவு செலவு! போட்ட காசு போட்டதுதான், அதை வைத்து அடுத்த முடிவை எடுக்காதே என்று பி.காமில் காஸ்டிங் வாத்தியார் தலையில் அடித்துக்கொண்டு சொன்னார். 'சங்க் காஸ்ட்'. பரீட்சையில் முழு மார்க் வாங்கின பதில் மலைமேல் மறந்துபோச்சு.

மாமனார் என்னையே பார்த்தார். "நேரா ஒரு பத்தடி நடங்க, பாப்போம்."

நடந்தேன். ராத்திரி கடைசி பஸ்ஸில் ஏறுகிறவர்கள் நடப்பார்களே, அந்த நடை! வாந்தியும் தலைவலியும் போக, இப்படித் தள்ளாட ஆரம்பித்தால் மூளையில் நீர் கோத்திருக்கலாமாம். முக்கியமான வைத்தியம், உடனே இறங்குவது. விட்டால் உயிருக்கே ஆபத்து. இதெல்லாம் நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. அவருக்குத் தள்ளாட்டம் தெரியும், அவ்வளவுதான்.

"ஸ்டாப்பிங் வந்தாச்சு. இறங்குங்க."

"நீங்க போய்ட்டு வாங்க மாமா. நான் மெதுவா..."

"இறங்குங்கன்னேன்."

மானம் கப்பலேறும் என்பார்கள். என் மானம் மட்டக்குதிரை ஏறிக் கீழே வந்தது. மாமனார் பக்கத்திலேயே நடந்தார். ரிடையரான நாளிலிருந்து அவர் கேட்ட ஒரே விஷயம் அந்த ஏரி. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை மனுஷன்.

கங்காரியா வந்ததும் சாயங்காலத்துக்குள் தலை தெளிந்தது. டெல்லி ரயில் டிக்கெட்டைக் கேன்சல் செய்தேன். 'சங்க் காஸ்ட்' இப்போது ஞாபகம் வந்துவிட்டது. மறுநாள் விடியற்காலை அவரை மட்டும் அனுப்பிவிட்டு, டீக்கடையிலேயே பழியாய்க் கிடந்தேன்.

கோவிந்த்காட்டிலிருந்து ஏரி வரை 12.4 கிலோமீட்டருக்கு 'ரோப்வே' போட, 2025 மார்ச்சில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்திருக்கிறது. 2,730 கோடி ரூபாய். கால்வலி மிச்சம். ஆனால் சர்ரென்று 14,000 அடிக்குப் போய் இறங்குகிறவர்களின் தலைவலிக்கும் யாராவது பட்ஜெட் போட்டால் தேவலை.

மூன்று மணிக்கு வந்தார். தலைமுடி ஈரம்.

"எப்படி இருந்துச்சு மாமா?"

யோசித்தார். "சுத்தி மலை. எல்லாம் தண்ணிக்குள்ள தலைகீழா நிக்குது. பாறையில பிரம்ம கமலம் பூத்திருக்கு. முங்கி எந்திரிச்சேன், உசிரு போய் வந்துச்சு. குருத்வாராவுல சுடச்சுட கிச்சடி, டீ. காசே வாங்க மாட்டேங்கறாங்க மாப்ளே!"

கண்டக்டருக்கு அதுதான் தாங்கவில்லை.

டீயை ஒரு வாய் குடித்தார். "நாலாவது கிலோமீட்டர்ல நீங்க உக்காந்திருந்த கல்லு அப்படியேதான் இருக்கு. யாரும் எடுத்துக்கலை."