குளிரில் காத்திருக்கும் குளவி

கரும்பின் கணுவுக்குள் இடைக்கணுப் புழு புகுந்துவிட்டால் மருந்து அதைத் தொடாது. ஆளுயரம் தாண்டிப் பின்னிக் கிடக்கும் தோட்டத்துக்குள் தெளிப்பானோடு நுழைவதும் லேசில் ஆகிற காரியமில்லை. அதனால்தான் முட்டையிலேயே கதையை முடிக்கும் டிரைக்கோகிரம்மா குளவிக்கு இங்கே இத்தனை மவுசு. அரை மில்லிமீட்டர் அளவே உள்ள பூச்சி. அந்துப்பூச்சி இட்ட முட்டைக்குள் தன் முட்டையை வைத்துவிடும்.

உடைத்த கம்பில் கார்சைரா அந்துப்பூச்சியை வளர்த்து, அதன் முட்டைகளைப் புற ஊதா விளக்கில் காட்டிக் கருவைக் கொன்று, அட்டையில் ஒட்டிக் குளவியிடம் விடுகிறார்கள். 3, 4 நாளில் முட்டைகள் கறுத்தால் வேலை முடிந்தது. இந்த முறை நெடுங்காலமாக அப்படியேதான் இருக்கிறது. மாறியது நாள் கணக்கு.

வெளியே வைத்தால் 7, 8 நாளில் குளவி பிறந்துவிடும். குளிர்பெட்டி இல்லாத ஆய்வகத்தில் அட்டை தயாராகும் நாள்தான் விவசாயிக்கு முகூர்த்தம். அன்று மழை பிடித்துக்கொண்டால் குளவிகள் டப்பாவுக்குள்ளேயே பிறந்து செத்தன. வயலில் அந்து இன்னும் முட்டையிடவில்லையா, அப்போதும் அதே கதி.

இப்போது அட்டையை 5 முதல் 10 டிகிரி செல்சியஸில் வைத்து, பிறப்பை 3 வாரம் வரை தள்ளிப்போடலாம். நான்காம் மாதம் தொடங்கி 15 நாளுக்கு ஒருமுறை, 6 தடவை அட்டை கட்ட வேண்டிய கரும்புக்கு இந்த அவகாசம் பெரிது. ஐரோப்பாவில் மக்காச்சோளத்துக்கு விடும் பிராசிகே என்ற டிரைக்கோகிரம்மா இனம் குளிர்காலத்தை உறங்கிக் கழிக்கும் இயல்புள்ளது. அதை உறக்கத்தில் ஆழ்த்தி மாதக்கணக்கில் சேமித்து, கோடையில் வயலுக்கு எடுக்கிறார்கள். நம் கரும்புக்கான சிலோனிஸ் இனத்தின் கதை வேறு. குளிர் அதன் வளர்ச்சியை மந்தமாக்குகிறது, அவ்வளவுதான். உள்ளிருக்கும் சேமிப்பு கரைந்துகொண்டே இருக்கும்.

நாள் கூடக்கூடப் பொரிப்பது குறையும். இறகு சுருண்ட குளவிகள் வரும், பெண் குளவிகளும் குறையலாம். வயலில் முட்டை தேடி அலைவது பெண்தானே! அட்டையில் உள்ள முட்டைகள் எத்தனை சி.சி. என்று கேட்டு வாங்குகிறோம். குளிரில் எத்தனை நாள் கிடந்தது என்பதையும் அட்டையிலேயே எழுதித் தந்தால் என்ன? மூன்றாம் வார அட்டையை முதல் வார அட்டையின் கணக்கில் கட்டினால் ஏமாற்றம்தான். பழைய அட்டையென்றால் சற்றுக் கூடுதலாகக் கட்ட வேண்டும் என்பது என் கட்சி.

வீட்டுக்குக் கொண்டுபோகும் வழியில் வெயில் பட்டாலும், தோகையில் கட்டியபின் எறும்பு ஏறினாலும் அந்த 3 வாரக் குளிரும் தண்டம்.