நாயின் ஆயுளும் நம் கடமையும்

காட்கோபரில் வாழும் நம்மவர் இல்லங்கள் பலவற்றில் நாயும் குடும்பத்தில் ஓர் அங்கமாகவே வளர்ந்து வருகிறது. இராஜபாளையத்திலும் சிப்பிப்பாறையிலும் காடுகரை எங்கும் ஓடித் திரிந்து காவல் புரிந்த பிராணி, இங்கே இரண்டு அறை வீட்டில் நம்மோடு அடங்கி வாழ்கிறது. அது உண்பதும் உலாவுவதும் நம் கையில் இருப்பதால், அதன் ஆயுளிலும் ஒரு பங்கு நம் கையில் இருக்கிறது.

நாயின் ஓராண்டு மனிதனின் ஏழாண்டுக்குச் சமம் என்பர். இக்கணக்குப் பொருந்தாது. கலிபோர்னியாவில் லாப்ரடார் நாய்களைக் கொண்டு செய்து 2020-இல் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, ஒரு வயது நாய் ஏறத்தாழ 30 வயது மனிதனுக்கு ஒப்பாகும். நான்கு வயதில் அது 50-ஐக் கடந்துவிடுகிறது. பின்னர் முதுமையின் வேகம் தணிகிறது. ஆகவே, நாய் தளர்ந்த பின்னர்ப் பேணலாம் என்று காத்திருத்தல் தகாது. சிற்றின நாய்கள் 12 முதல் 16 ஆண்டுகள் வரை வாழ்வதுண்டு. மிகப் பெரிய உடலுடைய இனங்கள் பல பத்தாண்டை எட்டுவதே அரிது. இதனை நாம் மாற்ற இயலாது. ஆனால் உணவின் அளவு நம் வசமுள்ளது.

அமெரிக்காவில் 48 லாப்ரடார் நாய்களை இணை இணையாகப் பிரித்து, ஒவ்வோர் இணையிலும் ஒன்றுக்குக் கால்பங்கு உணவைக் குறைத்து, வாழ்நாள் முழுவதும் கவனித்தனர். 2002-இல் வெளிவந்த முடிவின்படி, நிறைய உண்டவற்றின் இடைநிலை ஆயுள் 11.2 ஆண்டு, அளவாக உண்டவற்றின் ஆயுள் 13 ஆண்டு. மூட்டு நோயும் பின்னவற்றைத் தாமதமாகவே பற்றியது. அன்பின் மிகுதியால் நாம் நாளெல்லாம் ஊட்டும் பிஸ்கட்டும் நெய்ச்சோறும் அதன் ஆண்டுகளைக் குறைக்கின்றன என்பதை உணர்தல் வேண்டும். கையால் தடவினால் விலாவெலும்பு எளிதிற் புலப்பட வேண்டும். மேலிருந்து நோக்கின் இடை ஒடுங்கியிருக்க வேண்டும். வெங்காயம் கலந்த சாம்பார், திராட்சை இட்ட பாயசம், சாக்லேட் ஆகியவை நாய்க்கு நஞ்சு. வெந்த கோழியெலும்பு பிளந்து குடலைக் குத்தும்.

இந்நகருக்கே உரிய மற்றோர் ஆபத்து மழைக்காலம். 2005 ஜூலை 26-ஆம் நாள் சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் மழை பெய்து, வெள்ளம் வடிந்தபின் எலிக்காய்ச்சல் பரவியதைப் பலர் மறந்திரார். எலியின் சிறுநீர் கலந்த தேங்குநீரில் நடக்கும் நாயையும் அந்நோய் பற்றும். நோயுற்ற நாயின் சிறுநீரால் வீட்டாருக்கும் தொற்றக்கூடும். ஆகவே அதற்குரிய தடுப்பூசியை ஆண்டுதோறும் மழைக்கு முன்பே போடுவித்தல் நலம். வெறிநோய்த் தடுப்பூசியும் தவறக்கூடாது. உலாவி வந்ததும் காதிலும் விரலிடுக்கிலும் உண்ணி உண்டா எனப் பார்த்தல் வேண்டும். உண்ணியால் வரும் காய்ச்சல் உயிரையும் வாங்கும்.

மருத்துவ உதவிக்கு நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. 1886-இல் தொடங்கப்பெற்ற பம்பாய்க் கால்நடை மருத்துவக் கல்லூரியும், பாய் சகர்பாய் தின்ஷா பெடிட் விலங்கு மருத்துவமனையும் பரேலில் உள்ளன. ஏழு வயது கடந்த நாயை ஆறு மாதத்திற்கு ஒருமுறை மருத்துவரிடம் காட்டி, பல், சிறுநீரகம், இதயம் ஆகியவற்றைச் சோதிப்பித்தல் நன்று.

தன் நோயை எடுத்துரைக்க வாயற்ற உயிர் அது. அதன் தட்டில் இடும் சோற்றை அளந்து இடுவதையும், தடுப்பூசி நாளைக் குறித்து வைப்பதையும் இன்றே தொடங்குவோமாக.