மீன்தொட்டித் தண்ணீர் எங்கே பறக்கிறது, தெரியுமா?

எல்கடுவ! நக்கிள்ஸ் மலைத்தொடரின் மேற்குச் சரிவில், தேயிலைக்கு நடுவே இருக்கும் ஊர். இந்த மலைத்தொடரின் சிங்களப் பெயர் ‘தும்பர’. மூடுபனி மலை என்று அதற்குப் பொருள் சொல்வார்கள்! துவைத்த உடுப்பு காய நாள்கணக்கில் காத்திருக்கும் மழைக்காலத்தில், அப்படியோர் ஊரின் வீட்டுக்குள் 6 அடி மீன்தொட்டி வைத்தால் என்ன ஆகும்? கணக்கைப் பாருங்கள், அசந்துபோவீர்கள்!

★ ஒரு மில்லிமீற்றர் என்றால் எவ்வளவு?
தொட்டி 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம். விளிம்புவரை நிரப்பினால் 680 லீற்றர்! நீர்மட்டம் வெறும் 1 மில்லிமீற்றர் இறங்கினாலே 1 லீற்றருக்கு மேல் போய்விட்டது! 1 சென்ரிமீற்றர் இறங்கினால்? 11 லீற்றர்! சத்தமே இல்லாமல் ஒரு பெரிய வாளித் தண்ணீர்!

★ அறைக் காற்று எவ்வளவு குடிக்கும்?
12 அடிக்கு 12 அடி அறை, 10 அடி உயரம், 20 பாகை செல்சியஸ். அந்த அறைக் காற்று முழுவதும் சேர்ந்து தாங்கக்கூடிய நீராவி எவ்வளவு தெரியுமா? ஏறத்தாழ 700 கிராம்! ஒரு லீற்றர்கூட இல்லை! மழைநாளில் ஈரப்பதன் ஏற்கெனவே 90 சதவீதம் என்றால் மிச்ச இடம் 70 மில்லிலீற்றருக்குத்தான். அரைக் கோப்பை பிளேன்டீ!

★ சுவருக்கும் வியர்க்குமா?
வியர்க்கும்! அந்த 90 சதவீத ஈரக் காற்று, தன்னைவிட 2 பாகை குளிர்ந்த சுவரில் பட்டாலே போதும், துளித்துளியாகப் படியும்! அலமாரியின் பின்புறம், சுவரோடு ஒட்டிய புத்தகங்கள், மடித்து வைத்த சேலை... பூஞ்சணம் முதலில் பிடிப்பது இங்கேதான்!

★ 100இல் ஒரு பங்கு ஆவியானால்?
வெளியிலிருந்து வெப்பம் வராவிட்டால், தண்ணீரின் 1 சதவீதம் ஆவியானதும் மீதி 99 சதவீதமும் கிட்டத்தட்ட 6 பாகை குளிர்ந்துவிடும்! மண்பானைத் தண்ணீர் சில்லென்று இருக்கும் இரகசியம் இதுவே!

★ மின்கட்டணமும் ஆவியாகுமா?
1 லீற்றர் தண்ணீர் ஆவியாக ஏறத்தாழ 0.68 அலகு மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் வேண்டும். அதே தண்ணீரை 25 பாகையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரத் தேவைப்படுவதைப்போல 7 மடங்குக்கும் மேல்! 11 லீற்றர் பறக்க 7 அலகு தாண்டும்! அறை கொடுத்ததுபோக மிச்சத்தைக் கொடுப்பது யார்? உங்கள் ஹீற்றர்!

★ 2 பாகை குறைத்தால்?
அதே அறையில் தொட்டி நீரை 26இலிருந்து 24 பாகைக்கு இறக்குங்கள். ஆவியாதல் ஏறத்தாழ 30 சதவீதம் குறையும்! மீன் தாங்குமா? நம் ஓடை மீனைக் கேளுங்கள்! இலங்கைக்கே உரிய கறுப்பு ரூபி மீனின் சிங்களப் பெயர் ‘புலத் ஹபயா’, அதாவது வெற்றிலை சப்புபவன்! அந்தச் சிவந்த முகத்தைப் பார்த்தால் பெயரின் பொருத்தம் புரியும்! நிழல் படர்ந்த ஓடைகளில் வாழும் அதற்கு 24 பாகையே தாராளம்!

★ தேயிலைத் தொழிற்சாலைக்கும் மீன்தொட்டிக்கும் உறவா?
100 கிலோ பச்சைக் கொழுந்திலிருந்து கிடைக்கும் தூள் ஏறத்தாழ 22 கிலோதான்! மீதி பெரும்பாலும் தண்ணீர், அத்தனையும் ஆவி! காற்றின் தாகத்தை அளக்க அங்கே இரட்டை வெப்பமானி உண்டு. ஒன்றின் குமிழில் ஈரத்துணி, மற்றது வெறுமனே. நீங்களும் செய்யலாம்! இரண்டு வெப்பமானி, ஒரு துண்டு ஈரப்பஞ்சு, கொஞ்சம் விசிறல். இரண்டும் 1 பாகை வித்தியாசத்தில் நின்றால் காற்றுக்குத் தாகமே இல்லை!

★ ஈரமான வெளிக்காற்றும் அறையை உலர்த்துமா?
நம்பவே முடியாது, ஆனால் உண்மை! மழை விட்டதும் வெளியே 18 பாகை, ஈரப்பதன் நூற்றுக்கு நூறு. அதே காற்று உள்ளே வந்து 22 பாகைக்குச் சூடேறினால் ஈரப்பதன் 78 சதவீதம்! யன்னலைக் கொஞ்சம் திறந்தாலே தொட்டி அறைக்கு நிம்மதி!

★ உப்பு பறக்குமா?
பறக்காது! 680 லீற்றர் கடல்நீர்த் தொட்டியில் கரைந்திருக்கும் உப்பு ஏறத்தாழ 24 கிலோ! நீர் குறையக் குறைய மிச்சம் கரிக்கும். ஆகவே குறைந்த அளவை நிரப்ப நன்னீர்தான், உப்புநீர் கூடவே கூடாது!

★ ஈரக்காற்றை விரும்பும் தொட்டிச் செடி எது?
கிரிப்டோகொரைன்! இலங்கைக்கே உரிய பல இனங்கள் இதில் உண்டு. பண்ணைகளில் இதைத் தண்ணீருக்கு வெளியே, ஈரம் நிறைந்த கூடாரங்களில் வளர்ப்பார்கள்! இதில் பெக்கெட்டி என்ற இனம் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து சான் மார்க்கோஸ் ஆற்றிலேயே வேர்விட்டுவிட்டது! தொட்டிச் செடியை ஆற்றில் வீசலாமா? வேண்டவே வேண்டாம்!

★ ஒரு கண்ணாடி மூடி உலகை மாற்றியதா?
மாற்றியது! 1829இல் லண்டன் மருத்துவர் நதானியல் வார்ட், மூடிய போத்தலுக்குள் ஒரு பன்னம் தானாக முளைத்திருப்பதைக் கண்டார். ஈரம் ஆவியாகி, கண்ணாடியில் படிந்து, மீண்டும் மண்ணுக்கே இறங்கியது! அதிலிருந்து பிறந்த கண்ணாடிப் பெட்டிகளில்தான் தாவரவியலாளர் ராபர்ட் ஃபார்ச்சூன் சீனத் தேயிலைக் கன்றுகளை இமயமலைக்குக் கொண்டுபோனார்! 1876இல் 38 பெட்டிகளில் 1,900க்கும் மேற்பட்ட இறப்பர்க் கன்றுகள் இலங்கைக்குக் கப்பலேறின!

★ அதே மூடி உங்கள் தொட்டிக்கும்!
கண்ணாடி மூடியை விளிம்புக்கு உள்ளே, சற்றே சாய்வாக வையுங்கள். படியும் துளி தொட்டிக்கே திரும்பும்! மூலையில் சிறு இடைவெளி விடுங்கள். நீர்ப்பரப்பு சிற்றலையோடு இருக்கட்டும். மீனுக்கும் மூச்சு வேண்டுமே!

இன்றிரவே நீர்மட்டத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். நாளை இரவு பாருங்கள். 1 மில்லிமீற்றர் இறங்கியிருக்கிறதா? அந்த அறைக் காற்று மொத்தமாகத் தாங்கக்கூடியதைவிட அதிகமான தண்ணீர் ஒரே நாளில் வெளியே வந்திருக்கிறது! இப்போது சொல்லுங்கள், மூடி போடுவீர்களா, இல்லையா?