இணையத்தில் ரம்மி: ஆடக் கற்பதற்கு முன் மேசையின் கணக்கைக் கற்போம்

"இணையத்தில் காசு வைத்து ரம்மி ஆடுவது எப்படி?" அண்மைக்காலமாக என் கடைக்கு அடிக்கடி வரும் கேள்வி இது. கண்டியிலிருந்து மஹியங்கனை செல்லும் ஏ-26 வீதியில், தெல்தெனியவைத் தாண்டி மலையேறினால் வருவது ஹுன்னஸ்கிரிய. அங்கே சிறிய கொமினிகேஷன் கடை ஒன்றை நடத்துகிறேன். ரீலோட், போட்டோகொப்பி, தொலைபேசி திருத்தம், இவைதான் தொழில். கொழும்பிலும் கண்டியிலும் கடைகளில் வேலை செய்துவிட்டு லீவில் தோட்டத்துக்கு வரும் பொடியன்கள் யூடியூபில் வந்த விளம்பரத்தைக் காட்டி, "அண்ணே, இத போட்டுத் தாங்க" என்கிறார்கள்.

இதே கேள்வி வன்னியிலிருந்தும் வருகிறது. 1977 கலவரத்தின் பின் மலையகத்தை விட்டு வடக்கே போன ஆயிரக்கணக்கான குடும்பங்களில் எங்கள் உறவினரின் குடும்பங்களும் உண்டு. அவர்கள் கிளிநொச்சிப் பக்கம் காடு வெட்டிக் குடியேறினார்கள். போரின் கடைசி நாட்களையும் முகாமையும் கடந்து, எஞ்சியவர்கள் இப்போதும் அங்கேதான் இருக்கிறார்கள். தொலைபேசியில் பேசும்போது அங்குள்ள பொடியன்களும் இதைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒன்றாக எழுதுகிறேன்.

ஆட்டம் என்ன?

கடதாசி விளையாட்டு எங்களுக்குப் புதிதல்ல. வடக்கில் 304 ஆடாத ஊர் இல்லை. ரம்மியும் தெரிந்த ஆட்டம்தான். இணையத்தில் பெரும்பாலும் ஆடப்படுவது 13 கடதாசி ரம்மி. இரண்டு முதல் ஆறு பேர் வரை ஆடலாம். ஒவ்வொருவருக்கும் 13 கடதாசிகள். ஒன்றை எடுத்து ஒன்றைப் போட்டு, கையிலுள்ளவற்றை வரிசைகளாகவும் கூட்டங்களாகவும் சேர்க்க வேண்டும். குறைந்தது இரண்டு வரிசைகள் வேண்டும். அவற்றில் ஒன்று ஜோக்கர் உதவி இல்லாத சுத்த வரிசையாக இருக்க வேண்டும். முதலில் சேர்த்து முடிப்பவர் வெற்றி பெறுவார்.

தோற்றவர்களின் கையில் சேராமல் கிடக்கும் கடதாசிகளுக்குப் புள்ளி உண்டு. ஆஸ், கிங், குயின், ஜாக் ஆகியவற்றுக்குத் தலா 10. எண் கடதாசிகளுக்கு அந்தந்த எண். ஜோக்கருக்குப் பூச்சியம். ஒருவர் இழக்கக்கூடிய அதிகபட்சப் புள்ளி 80. ஆட்டம் தொடங்கும்போதே விலகினால் வழமையாக 20 புள்ளி, இடையில் விலகினால் 40. ஒரு புள்ளிக்கு எத்தனை ரூபா என்பது மேசையில் முதலே குறிக்கப்பட்டிருக்கும்.

இதைக் கற்க ஒரு பிற்பகல் போதும். விளம்பரங்கள் கற்றுத்தருவதும் இவ்வளவுதான். அதற்கு மேல் தெரிந்திருக்க வேண்டிய ஒரு கணக்கு இருக்கிறது. அதை எந்த விளம்பரமும் சொல்லித்தருவதில்லை.

மேசையின் பங்கு

வேப்பமரத்தின் கீழ் நாலு பேர் பத்து ரூபா வைத்து ஆடினால், ஒருவர் இழப்பது இன்னொருவர் பைக்குப் போகும். மாலையில் எழும்பும்போது நாலு பேரிடமும் இருக்கும் மொத்தக் காசு காலையில் இருந்த அதே தொகைதான். வெளியே எதுவும் போகவில்லை.

இணைய மேசை அப்படியல்ல. வென்றவருக்குச் சேர வேண்டிய தொகையில் ஒரு பங்கை மேசையை நடத்துபவர் எடுத்துக்கொள்கிறார். இது பொதுவாக 10 முதல் 15 சதவீதம் வரை இருக்கும். கேட்கச் சிறிய பங்காகத் தெரியும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஆறு பேர் ஆடுகிறார்கள். ஒரு புள்ளிக்கு ஒரு ரூபா. தோற்ற ஐந்து பேரின் புள்ளிகள் 20, 30, 40, 60, 80 என்று வைப்போம். மொத்தம் 230 ரூபா. மேசைக்கு 15 சதவீதம் என்றால் 34 ரூபா 50 சதம். வென்றவர் கைக்கு வருவது 195 ரூபா 50 சதம்.

இப்போது அந்த ஆறு பேரும் ஆளுக்கு 2,000 ரூபாவுடன் உட்கார்ந்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேசையில் மொத்தம் 12,000 ரூபா. ஒவ்வோர் ஆட்டத்திலும் இதே அளவு காசு வெளியேறினால், 100 ஆட்டத்தில் 3,450 ரூபா போய்விடும். ஏறக்குறைய 348 ஆட்டத்தில் 12,000 ரூபாவும் முடிந்துவிடும். ஓர் ஆட்டம் ஐந்து நிமிடம் என்றால் இது 29 மணித்தியால வேலை. இரவில் மூன்று மணித்தியாலம் ஆடுபவர்களுக்குப் பத்து நாள். யார் கெட்டிக்காரர், யார் புதியவர் என்பதெல்லாம் இந்தக் கணக்கில் வரவில்லை. ஆறு பேரும் ஒரேயளவு கெட்டிக்காரர்களாக இருந்தால் ஆறு பேரும் வெறுங்கையோடுதான் எழும்புவார்கள். ஒருவர் மற்றவர்களை விட நன்றாக ஆடினால் அவர் சிலகாலம் தப்பலாம். அவருடைய இலாபமும் மேசையின் பங்கும் மற்ற ஐந்து பேரின் பையிலிருந்துதான் வர வேண்டும். அந்த ஐந்து பேரில் முதலில் காலியாகுபவர் இப்போதுதான் கற்றுக்கொண்டு வந்தவர்.

2,000 ரூபா என்பது எங்கள் பக்கத்தில் சின்னக் காசு அல்ல. தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக உயர்ந்ததே 2024இல்தான். அதற்கு எத்தனை ஆண்டுப் போராட்டம் என்பது கொழுந்து எடுக்கும் எங்கள் தாய்மாருக்குத் தெரியும்.

"திறமை விளையாட்டு" என்ற வாதம்

"இது சூது இல்லை, இந்திய உச்ச நீதிமன்றமே திறமை விளையாட்டு என்று சொல்லிவிட்டது" என்று படித்த பொடியன்கள் என்னோடு வாதிடுவார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஆந்திரப் பிரதேச அரசுக்கும் சத்தியநாராயணா என்பவருக்கும் இடையிலான வழக்கில், 1960களின் இறுதியில் அந்த நீதிமன்றம் ரம்மியைப் பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டம் என்று ஏற்றது. எந்தக் கடதாசி போயிற்று என்பதை நினைவில் வைத்து, எதை எடுப்பது, எதை விடுவது என்று முடிவெடுக்க வேண்டியிருப்பதே காரணம்.

ஆனால் அதே தீர்ப்பு இன்னொன்றையும் சொன்னது. காசு வைத்து ஆடும் ஆட்டத்திலிருந்து இடத்தின் சொந்தக்காரரோ கிளப்போ இலாபம் எடுத்தால் அது குற்றமாகலாம் என்பதே அது. அந்த வழக்கு ஒரு கிளப்பில் நண்பர்கள் ஆடிய ஆட்டத்தைப் பற்றியது. பங்கு எடுப்பதையே தொழிலாகக் கொண்ட மேசையைப் பற்றியது அல்ல. விளம்பரக்காரர்கள் முதல் பாதியை மட்டுமே எடுத்துச் சொல்கிறார்கள்.

தமிழ்நாடு பட்ட பாடு

இந்த ஆட்டத்தால் அதிகம் அடிபட்ட தமிழர்கள் தமிழ்நாட்டில்தான். கொரோனா முடக்கக் காலத்தில் வேலையின்றி வீட்டில் இருந்தவர்கள் தொலைபேசியில் ஆடத் தொடங்கினார்கள். கடன், அதன்பின் தற்கொலை என்று செய்திகள் அடுத்தடுத்து வந்தன. 2020 நவம்பரில் தமிழ்நாடு அரசு அவசரச் சட்டத்தால் தடை விதித்தது. 2021 பெப்ரவரியில் அது சட்டமாயிற்று. அதே ஆண்டு ஓகஸ்ட் 3ஆம் திகதி சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தை இரத்துச் செய்தது.

2022 ஜூனில் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் குழு ஒன்று அமைக்கப்பட்டது. மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் அதில் இருந்தார். அதன் பரிந்துரையை வைத்து மீண்டும் கொண்டுவரப்பட்ட சட்டத்துக்கு, ஆளுநர் ஒருமுறை திருப்பி அனுப்பிய பிறகு, 2023 ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. அதே ஆண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம், சட்டம் செல்லும், ஆனால் ரம்மியையும் போக்கரையும் தடைப்பட்டியலில் வைக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. 2025 பெப்ரவரியில் வந்த விதிகள் நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை காசு ஆட்டத்தை நிறுத்தச் சொல்லின. ஜூன் மாதம் அந்த விதிகளை உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

இரவு நேரத்தைக் குறிவைத்துத் தடை விதித்ததில் பாடம் இருக்கிறது. இழந்ததைப் பிடித்துவிட வேண்டும் என்ற வெறி, வீட்டார் உறங்கிய பின்னர்தான் கூடுகிறது. நிறுத்தச் சொல்ல அப்போது யாரும் பக்கத்தில் இருப்பதில்லை.

கடைசியில் 2025 ஓகஸ்டில் இந்திய நாடாளுமன்றம், திறமையா அதிர்ஷ்டமா என்ற வாதத்தையே ஒதுக்கிவிட்டு, காசு வைத்து ஆடும் இணைய விளையாட்டுகள் அனைத்தையும் தடைசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. ஆடுபவரை அது தண்டிக்கவில்லை. நடத்துபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபா வரை தண்டமும் விதிக்கலாம். சட்டத்தை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயுள்ளன. பெரிய நிறுவனங்கள் காசு ஆட்டங்களை நிறுத்திக்கொண்டன.

எங்களிடம் வந்து சேர்வது எது?

இந்தியாவின் பெரிய நிறுவனங்களின் செயலிகள் இந்திய அடையாள ஆவணமும் இந்திய வங்கிக் கணக்கும் கேட்டன. எங்களிடம் அவை இல்லை. ஆகவே என் கடைக்கு வரும் தொலைபேசிகளில் நான் காண்பவை வேறு வகை. பிளே ஸ்டோரில் இல்லாதவை. வாட்ஸ்அப்பிலோ டெலிகிராமிலோ ஒரு ஏபிகே கோப்பாக வரும். நிறுவனத்தின் பெயர், முகவரி எதுவும் இருக்காது. காசு போடுவதற்கு ஒரு தனிநபரின் வங்கிக் கணக்கு இலக்கம் தருவார்கள். அடுத்த வாரம் வேறொருவரின் இலக்கம்.

அவை நடக்கும் விதம் ஏறக்குறைய ஒன்றுதான். முதலில் இலவசக் காய்களுடன் பயிற்சி ஆட்டம். அதில் வெற்றி எளிதாக வரும். பிறகு 500 ரூபா போட்டால் 500 ரூபா போனஸ். முதல் வெற்றியை உடனே கணக்குக்கு அனுப்பிவிடுவார்கள். நம்பிக்கை வருவது அங்கேதான். எதிரே ஆடுவது ஆளா, கணினி நிரலா என்று பார்க்க வழியில்லை. கடதாசி ஒழுங்காகக் கலைக்கப்படுகிறதா என்று சோதிக்க எவரும் இல்லை. பெரிய தொகை சேர்ந்ததும், அதை எடுக்க முதலில் "வரி" கட்ட வேண்டும் என்பார்கள். கட்டினால் இன்னொரு கட்டணம் வரும்.

எனக்குத் தெரிந்த ஒரு பொடியன் கண்டியில் துணிக்கடையில் வேலை செய்தவன். திரையில் அவனுடைய கணக்கு 1,40,000 ரூபா என்று காட்டியது. அதை எடுக்க 35,000 ரூபா கட்டச் சொன்னார்கள். கடை போடப் போவதாகச் சொல்லி வன்னியிலுள்ள பெரியம்மாவிடம் கேட்டான். அவர் ஒரு சோடி காப்பை அடகு வைத்து அனுப்பினார். 2009இல் எல்லாவற்றையும் விட்டு நடந்தபோது துணியில் முடிந்து இடுப்பில் கட்டிக்கொண்டு வந்த காப்பு அது. காசு போன மறுநாள் அந்தச் செயலி திறக்கவில்லை. என்னிடம் தொலைபேசியைக் கொண்டுவந்து "பழுதா அண்ணே?" என்று கேட்டான். தொலைபேசியில் எந்தப் பழுதும் இல்லை.

ஏன் எங்கள் வீடுகள்?

போர் தின்ற வீடுகளில் சேமிப்பு என்று பெரிதாக எதுவும் இல்லை. இருப்பது வெளிநாட்டு உறவு அனுப்பும் காசு, பெண்களின் காதிலும் கையிலும் உள்ள பொன், நுண்கடன். வேலைக்குப் போக முடியாமல் காயத்தோடு வீட்டில் இருப்பவர்கள் பலர். இரவில் தூக்கம் வராதவர்கள் பலர். தொலைபேசி வெளிச்சம் அவர்களுக்கு ஒரு துணை. "வீட்டிலிருந்தே உழைக்கலாம்" என்ற சொல் இப்படிப்பட்டவர்களுக்குத்தான் முதலில் கேட்கும். சூதாட்டத்திலிருந்து விலக முடியாத நிலையை உலக சுகாதார நிறுவனம் நோயாகவே வகைப்படுத்தியுள்ளது. ஆகவே அகப்பட்டவரைக் கெட்டவர் என்று ஒதுக்குவதில் பயன் இல்லை.

என்ன செய்யலாம்?

ஆட்டம் பிடித்திருந்தால் காசில்லாமல் ஆடுங்கள். தெரியாதவர் அனுப்பும் ஏபிகே கோப்பை ஏற்றாதீர்கள். அது தொலைபேசியிலுள்ள குறுஞ்செய்திகளையும் வங்கி இரகசிய இலக்கங்களையும் படிக்கக்கூடும். வென்ற காசை எடுக்க முன்பணம் கேட்டால் அது மோசடி என்று முடிவு செய்யுங்கள், ஒரு சதமும் கட்டாதீர்கள்.

ஏற்கெனவே கட்டியிருந்தால் உரையாடல்கள், கணக்கு இலக்கங்கள், வங்கிச் சீட்டுகள் எதையும் அழிக்காமல் படமெடுத்து வைத்து, முதலில் வங்கிக்கும் அடுத்துப் பொலிஸுக்கும் அறிவியுங்கள். இலங்கையில் 1889ஆம் ஆண்டின் சூதாட்டக் கட்டளைச் சட்டம்தான் நெடுங்காலம் இருந்தது. 2025இல்தான் சூதாட்டத்தை ஒழுங்குபடுத்த ஓர் அதிகாரசபை அமைக்கும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அடையாளமே இல்லாமல் கடல் கடந்து இயங்கும் ஒரு செயலியிடமிருந்து காசைத் திரும்பப் பெற எந்தச் சட்டமும் எளிதில் உதவாது. ஆகவே போன காசைத் துரத்திப் புதிய கடன் வாங்காதீர்கள்.

வீட்டில் உள்ளவர்களுக்கும் ஒன்று. திடீரெனக் கடன் கேட்பது, தொலைபேசியை மறைப்பது, விடியும் வரை விழித்திருப்பது ஆகியவற்றைக் கண்டால் ஏசுவதற்கு முன் மொத்தக் கடன் எவ்வளவு என்று கேளுங்கள். தொகையை ஒருவரிடமாவது வாய்விட்டுச் சொல்லிவிட்டால் பாரம் பாதி இறங்கும். மனம் உடைந்து உயிரை விடும் எண்ணம் வந்தவர்கள் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எந்நேரமும் அழைக்கலாம்.

அந்தப் பொடியன் இப்போது மாதம் 3,000 ரூபா வீதம் பெரியம்மாவுக்கு அனுப்புகிறான். காப்பு இன்னும் அடகுக்கடையில் இருக்கிறது. வட்டி கட்டி மீட்டுவிடலாம் என்றுதான் கணக்குப் போட்டிருக்கிறோம்.