கொட்டகையில் நிற்கும் பழைய டிராக்டர்

நமது சங்க அங்கத்தினர்களில் சிலருடைய தோட்டங்களில், மாட்டுக் கொட்டகையின் ஓரத்தில், தார்ப்பாய் போர்த்திய பழைய டிராக்டர் ஒன்று நிற்பதைக் காண்கிறோம். தகப்பனார் காலத்தில் வாங்கியது. சில வருஷங்களாக ஓடவில்லை. பழைய இரும்பு வியாபாரி எடைக்குக் கேட்கிறார். புதிய வண்டி வாங்குவதென்றால் லட்சக்கணக்கில் கடன் வேண்டும். அதற்கு நிலத்தின் பத்திரத்தை ஈடு வைக்க நேரிடலாம். இவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாவது வழி உண்டா என்பதே கேள்வி. பெரும்பாலும் உண்டு என்பது நமது அபிப்பிராயம். விசைத்தறி வைத்திருக்கும் நெசவாள அங்கத்தினர்களும் இதைப் படிக்கலாம். யந்திரம் நின்றால் முதலில் எதைப் பார்ப்பது என்ற முறை எல்லா யந்திரங்களுக்கும் ஏறக்குறைய ஒன்றே.

வெள்ளகோவில், காங்கயம், மூலனூர்ப் பக்கங்களில் இவ்வாறு நிற்கும் பழைய வண்டிகளில் மாஸி பெர்குசன் மரபைச் சேர்ந்தவை உண்டு. இம்மரபின் கதை சுருக்கமானது. அயர்லாந்தில் பிறந்த ஹாரி பெர்குசன் வகுத்த டி.இ.20 என்னும் சிறு டிராக்டர், 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரில் ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது. 1953-ல் அவருடைய ஸ்தாபனம் மாஸி-ஹாரிஸுடன் இணைந்தது. 1960-ல் சென்னையில் தொடங்கப்பட்ட 'டாபே' ஆலை மாஸி பெர்குசனின் ஒத்துழைப்புடன் இவ்வகை வண்டிகளை நம் நாட்டிலேயே செய்யத் தலைப்பட்டது. இவற்றில் 1035 என்ற வண்டியில், பெர்க்கின்ஸ் மரபில் சென்னை சிம்ப்சன் ஆலை செய்த மூன்று சிலிண்டர் டீசல் இன்ஜின் இருந்தது. மின்னணு ஏதுமில்லாத யந்திரம். ஸ்பேனரும் பொறுமையும் உள்ளவருக்கு வசப்படும். பழுது பார்ப்பதற்கு இதுவே பெரிய அனுகூலம்.

பல வருஷம் நின்ற வண்டியைக் கயிறு கட்டி இழுத்து ஓட்டிப் பார்ப்பது நம் ஊர் வழக்கம். இதை அடியோடு விட்டுவிட வேண்டும். பிஸ்டன் வளையங்கள் துருவேறிச் சிலிண்டருடன் ஒட்டியிருக்கலாம். உள்ளே தண்ணீர் தேங்கியிருக்கலாம். அந்நிலையில் பலவந்தமாகச் சுழற்றினால் கனெக்டிங் ராடு வளைந்து, நூறு ரூபாய் வேலை இன்ஜினையே மாற்றும் வேலையாகிவிடும். முதலில் நாசில்களைக் கழற்றி, அத்துளைகளின் வழியே டீசலும் இன்ஜின் எண்ணெயும் கலந்து சிறிது ஊற்றி நாலைந்து நாள் ஊற விடவேண்டும். பிறகு நாசில்களை மாட்டாமலே முன்புறத்து புல்லியைக் கையால் இருபுறமும் அசைத்துப் பார்க்க வேண்டும். அசைந்து, ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் பாதி வெற்றி. அதன்பின் இன்ஜின் எண்ணெயை வடித்துப் பார்க்கவும். அது மோர் போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது என்று அர்த்தம். ஹெட் கேஸ்கட்டோ, ஹெட்டோ கெட்டிருக்கும். பிளாக்கிலேயே வெடிப்பு இருக்குமானால் நாமும் பழைய இரும்பு வியாபாரியின் பக்கமே பேசுவோம்.

டீசல் இன்ஜினில் பொறி வைக்கும் பிளக் கிடையாது. உள்ளே இழுத்த காற்றைச் சுமார் பதினாறு, பதினேழில் ஒரு பங்காக நெருக்கும்போது பிறக்கும் சூட்டிலேயே டீசல் பற்றுகிறது. ஆகவே காற்று, நெருக்கம், தக்க தருணத்தில் தூவப்படும் டீசல் ஆகிய மூன்றும் சரியாக இருந்தால் இன்ஜின் ஓடித்தான் ஆகவேண்டும். ஓடவில்லையென்றால் மூன்றில் எது குறை என்பதைப் புகைக் குழாயே சொல்லும். ஸ்டார்ட்டரைச் சுழற்றும்போது புகையே வராவிட்டால் டீசல் சிலிண்டரை எட்டவில்லை. வெண்புகை வந்தும் பற்றாவிட்டால், டீசல் எட்டுகிறது. ஆனால் நெருக்கமோ, பம்பின் டைமிங்கோ போதவில்லை. நெருக்கக் குறைவுக்குக் காரணம் வளையமா, வால்வா என்று அறிய, நாசில் துளை வழியே ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு தேக்கரண்டி இன்ஜின் எண்ணெய் விட்டு, கம்ப்ரஷன் மீட்டரால் மீண்டும் அளக்கவும். அளவு உயர்ந்தால் தேய்ந்தது வளையம். உயராவிட்டால் வால்வைப் பார்க்க வேண்டும். ஓடும்போது கரும்புகை வந்தால் காற்று போதவில்லை அல்லது டீசல் மிகுதி. நீலப்புகை வந்தால் எண்ணெய் எரிகிறது.

புகையே வராத வண்டிகளில் பம்ப் போய்விட்டது என்று சொல்லி, அதைக் கழற்றி அனுப்பச் சொல்லும் பட்டறைகள் உண்டு. அதற்கு இசையுமுன் அங்கத்தினர்கள் தாமே ஒன்று செய்து பார்க்கலாம். தொட்டியில் கிடக்கும் பழைய டீசலை முழுவதும் வடித்துவிடுக. அடியில் தண்ணீரும், பாசி போன்ற வழவழப்பான அழுக்கும் இருக்கும். பில்டர்களை மாற்றிப் புது டீசல் ஊற்றி, முதலில் பில்டரின் மேலுள்ள திருகு, அடுத்துப் பம்பிலுள்ள திருகுகள், கடைசியாக நாசில் குழாய்களின் நட்டு என்ற வரிசையில் ஒவ்வொன்றாகத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து, குமிழி நிற்கும் வரை காற்றை வெளியேற்றவும். நாசில் நட்டைத் தளர்த்தியபின் மட்டும் ஸ்டார்ட்டரைச் சுழற்ற வேண்டும். காற்றை எத்தனை முறை எடுத்தாலும் மீண்டும் புகுமானால், தொட்டிக்கும் பம்புக்கும் நடுவிலுள்ள ரப்பர்க் குழாயில் மயிரிழை வெடிப்பு இருக்கும். அது டீசலைச் சிந்தாது. காற்றை மட்டும் உறிஞ்சும். ஆகையால் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. இந்தச் சிறு குழாய்க்காகப் பம்புக்குப் பணம் கொடுத்தவர்களை நாம் அறிவோம்.

இன்னொன்றும் இங்கே சொல்லவேண்டும். 2020 ஏப்ரல் முதல் நம் நாட்டில் விற்கப்படும் டீசலில் கந்தகம் மிகக் குறைவு. காற்றுக்கு நல்லதுதான், ஆனால் பழைய டீசலுக்குப் பழகி உப்பியிருந்த ரப்பர் வளையங்கள் இதில் சுருங்கிக் கசியக்கூடும். அவற்றைப் புதிய ரகமாக மாற்றிவிடுவது நலம்.

நமது பகுதியின் தனிப் பகை செம்மண் புழுதி. கொறங்காட்டில் கோடையுழவு செய்யும் வண்டியின் பின்னே எழும் புழுதியை யாரும் பார்த்திருப்பார்கள். எண்ணெய்க் கிண்ணம் உள்ள பழைய ஏர் கிளீனரை, உழவு நாட்களில் தினமும் திறந்து, சேறாகிவிட்ட எண்ணெயை மாற்றவேண்டும்; கிண்ணத்திலுள்ள கோட்டுக்கு மேலும் கூடாது, கீழும் கூடாது. கிளீனரிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ரப்பர்க் குழாய் கிழிந்திருந்தால் கிளீனர் இருந்தும் பிரயோஜனமில்லை; செம்மண் நேரே சிலிண்டருக்குள் போய் உப்புக் காகிதம் போல் தேய்க்கும். அடுத்த பகை நமது கிணற்று நீர். உப்பும் சுண்ணாம்பும் மிகுந்த இத்தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினால், கொதிநீர்ப் பானையின் அடியில் படிவது போல் உள்ளே படிந்து சூட்டைத் தடுக்கும். சலவைச் சோடா கரைத்த நீரால் கழுவி, பின்னர் மழைநீரோ, காய்ச்சி வடித்த நீரோ கூலன்ட்டுடன் கலந்து ஊற்றவும்.

லிப்ட் தூக்கவில்லை என்ற புகாரும் அடிக்கடி வருகிறது. பெர்குசன் மரபில் ஹைட்ராலிக் பம்ப் பின்பெட்டிக்குள்ளேயே, பி.டி.ஓ. தண்டினால் சுழல்கிறது. எனவே டி.இ.20, 35 போன்ற வண்டிகளில் பி.டி.ஓ. நெம்புகோலைப் போடாவிட்டால் லிப்ட் அசையாது. பெட்டியைப் பிரிக்குமுன் இதையும், எண்ணெய் மட்டத்தையும் பார்த்துக்கொள்ளவும். தூக்கி, உடனே மெல்ல இறங்கிவிடுமானால் சிலிண்டர் வளையமோ, வால்வோ கசிகிறது.

இதே அமைப்பில்தான் உயிருக்குரிய விஷயமும் இருக்கிறது. கலப்பை மூன்று இடங்களில் பிணைக்கப்படுவதால், மண்ணின் எதிர்ப்பு மேல்கம்பியை முன்னோக்கித் தள்ளி, முன்சக்கரம் கிளம்பாதபடி அழுத்துகிறது. மாறாக, மேல்கம்பி மாட்டும் இடத்திலோ, அச்சுக்கு மேலோ சங்கிலியைக் கட்டி, வேலிக்கிளுவையையோ, சேற்றில் சிக்கிய லாரியையோ இழுத்தால், வண்டி முன்பக்கம் எழும்பி ஓட்டுபவர்மேல் மல்லாந்து விழும். நினைத்துப் பார்க்கவும் அவகாசம் இராது. பழைய வண்டிகளில் பாதுகாப்புச் சட்டமும் கிடையாது. ஆகையால் எதை இழுத்தாலும் கீழேயுள்ள டிராபாரிலேயே கட்டவேண்டும். நாசிலைச் சோதிக்கையில் அதன் தூவலுக்கு முன் கையை நீட்டவே கூடாது. அவ்வழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். அப்படிப் போய்விட்டால் காயம் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். பெட்ரோல் துணியைக் காற்று வாயில் பிடித்து ஸ்டார்ட் செய்வதும் வேண்டாம். முதன்முறை ஓடவிடும்போது நிறுத்தும் கம்பி வேலை செய்யாமல் இன்ஜின் தறிகெட்டு ஓடுவதுண்டு. காற்று வாயை அடைக்க ஒரு தட்டையான பலகையைக் கையோடு வைத்திருக்கவும்.

ஓடத் தொடங்கிய வண்டியை அன்றே கெட்டி நிலத்தில் இறக்காமல், சில மணி நேரம் இலேசான வேலை வாங்கி, எண்ணெய் அழுத்த மீட்டரைக் கவனித்து, இருபது, இருபத்தைந்து மணி நேரத்தில் எண்ணெயையும் பில்டரையும் ஒருமுறை மாற்றிவிட்டு, ஐப்பசி மழைக்கு முன் உழவுக்கு எடுக்கலாம். பதிவுப் புத்தகமும் இன்ஷூரன்ஸும் நடப்பில் உள்ளனவா என்பதையும், வண்டி சாலையில் ஏறுவதற்கு முன் பார்த்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.